மூன்று முறை ஏர் எடுத்தும் பிரேக் பெடல் பஞ்சாக அமுங்குகிறது, மாஸ்டர் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டுமா?

தங்கச்சிமடம் டீசல் | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். 2011 மாடல் டீசல் கார், சின்ன வண்டி, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கிடையாது. வீடு தங்கச்சிமடம். வாசலுக்கும் கடலுக்கும் நடுவில் நாலு தென்னை மட்டும்தான், கச்சான் வீசும் மாதங்களில் காலையில் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் உப்பு வரும், அதனால் அடியில் என்ன துரு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. பட்டறையில் கழற்றிப் பார்த்தால் முன்பக்கம் டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டிலும் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடுகிற ஏர் நிப்பிளைத் திருப்பப்போனதில் ஒன்று கழுத்தோடு உடைந்தும் போனது. சரி, ஜோடியாகவே மாற்றிவிடலாம் என்று மதுரையிலிருந்து பழைய காலிப்பர் இரண்டு வரவழைத்துப் புது கிட், புது பேட் போட்டு மாட்டினார்கள். அன்றிலிருந்து பெடல் சரியில்லை. முதல் மிதியில் முக்கால்வாசி உள்ளே போகிறது, காலுக்கு அடியில் ஈரப் பஞ்சு இருப்பது போல் இருக்கிறது, இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் மேலே வருகிறது. எங்கேயும் ஆயில் ஒழுகவில்லை, பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறையவில்லை. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற மூன்று முறை ஏர் எடுத்தாகிவிட்டது, மூன்றாவது முறை ஒரு குமிழிகூட வரவில்லை. இப்போது, மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, மாற்று என்கிறார்கள். வியாழக்கிழமை அப்பாவை மதுரைக்கு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். மாற்றிவிடட்டுமா, அதற்கு முன்னால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

உச்சிப்புளி பட்டறை | ஞாயிறு, இரவு 9.45

தம்பி, முதலில் அந்த வண்டியை ரோட்டில் எடுக்காதே. பம்ப் செய்தால் வருகிறதே என்று நினைக்காதே, பாம்பன் பாலத்தில் முன்னால் போகிற வேன்காரர் படம் பிடிக்க நிறுத்தினால் உனக்கு இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்காது.

இனி பெடல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இதில் மூன்று சங்கதி இருக்கிறது, பலர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று, மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குவது. அது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் ஆயிலைத் தாண்டவிடுவதால் வரும், இல்லையென்றால் எங்கோ வெளியே ஒழுகும். இரண்டு, இறங்காமல் ஓர் இடத்தில் நிற்கும், ஆனால் ரப்பர் பந்தைப் போல் எதிர்த்துத் துள்ளும், அது காற்று. மூன்று, முதல் மிதி கீழே போய் இரண்டாவது மிதியில் கல்லாக நிற்பது. அப்படியானால் பின்பக்க டிரம்மில், உள்ளிருந்து அழுத்துகிற ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகியிருக்க வாய்ப்பு உண்டு. உன் வண்டியில் பம்ப் செய்த பிறகு பெடல் கல்லா, துள்ளுகிறதா? இன்ஜினை ஓடவிட்டு இரண்டு நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்தால் இறங்குகிறதா? பின் டிரம்மைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிப் பேசலாம்.

பரமக்குடி பெர்மிட் | ஞாயிறு, இரவு 10.20

எனக்குத் தெரிந்த பழைய வழி ஒன்று. ராத்திரி பெடலை நன்றாக அமுக்கி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து விடியும் வரை விட்டுவிடுங்கள். காலையில் கட்டையை எடுத்ததும் பெடல் ஏறி நிற்கும். நான் இருபது வருடமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன், இரண்டு தடவை இதில் சரியாகியிருக்கிறது. இன்னொன்று, ஆயில் பழசாக இருந்தாலும் பெடல் இப்படித்தான் ஆகும். கொடைக்கானல் இறக்கத்தில் வத்தலக்குண்டுக்குச் சற்று மேலே எனக்கு ஒரு முறை பெடல் அப்படியே தரைக்குப் போய்விட்டது. ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகு தானாகத் திரும்பி வந்தது.

உச்சிப்புளி பட்டறை | ஞாயிறு, இரவு 10.50

பெர்மிட் அண்ணே, கொடைக்கானலில் உங்களுக்கு வந்தது காற்று இல்லை, ஆவி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற கிரேடு ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு, அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 ஆகிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கிலேயே வந்தால் அந்தச் சூடு காலிப்பருக்குள் சுலபமாக வந்துவிடும், ஆயிலில் இருக்கிற தண்ணீர் கொதித்து ஆவியாகும், பெடல் போகும், ஆறினால் திரும்பி வரும். தம்பிக்கு வண்டி ஆறிக் கிடக்கும்போதே பஞ்சாக இருக்கிறது. அது வேறு, இது வேறு.

கட்டை முட்டுக்கொடுக்கிற வழியை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கிற குமிழிகள் மேலே நகர்ந்து வந்து, பெடலை விட்டதும் டப்பாவுக்குப் போய்விடும். பெரிய குமிழி மேட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் ஒரு ராத்திரி இல்லை, ஒரு வாரம் கட்டை வைத்தாலும் அது கிளம்பாது.

தொண்டி டீச்சர் | திங்கள், காலை 6.05

நான் மெக்கானிக் இல்லை, பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். கொஞ்சம் காற்று இவ்வளவு பாடுபடுத்துமா என்று தம்பிக்குத் தோன்றலாம், அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாஸ்கல் விதிப்படி ஆயிலில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போகும், ஏனென்றால் திரவம் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். காற்று அப்படி இல்லை. பிரேக் பிடிக்கும்போது உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப் போல் 50 மடங்கு ஏறுகிறது என்று வையுங்கள், பாயில் விதிப்படி 3 மில்லி காற்று 0.06 மில்லியாகச் சுருங்கிவிடும். அதாவது அந்த 3 மில்லியும் உங்கள் மிதியைத்தான் தின்கிறது. மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர், ஆகவே அந்த 3 மில்லியை ஈடுகட்ட பிஸ்டன் ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் 4 என்றால் உங்கள் கால் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் அதிகமாக இறங்கும். 3 மில்லி என்பது அரை டீஸ்பூனைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காலிப்பருக்குள் இவ்வளவு காற்று ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் டீசல் | திங்கள், காலை 8.30

டீச்சர், அந்த 4 சென்டிமீட்டரைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது, மிக்க நன்றி. உச்சிப்புளி அண்ணே, காலையிலேயே பார்த்துவிட்டேன். இன்ஜின் ஓடும்போது இரண்டு நிமிடம் மிதித்துப் பிடித்தேன், துளிகூட இறங்கவில்லை. பம்ப் செய்த பிறகு மேலே வருகிறது, ஆனாலும் கல்லாக இல்லை, துள்ளத்தான் செய்கிறது. பின் டிரம்மை நான் வாங்கி நாலு வருடத்தில் யாரும் தொடவில்லை.

கீழக்கரை காக்கா | திங்கள், காலை 11.15

தம்பி, நான் சார்ஜாவில் கராஜ் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். இறங்கவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரை இப்போதைக்கு விட்டுவிடலாம், காசைக் கையில் வைத்துக்கொள். இரண்டு சோதனை சொல்கிறேன், இரண்டுக்கும் செலவு இல்லை.

முதலாவது, டப்பா மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் பெடலைப் பத்துப் பதினைந்து தடவை பம்ப் செய்து அழுத்திப் பிடித்து, பிறகு சட்டென்று காலை எடுக்க வேண்டும். உள்ளே காற்று அமுங்கியிருந்தால் அது விரியும்போது டப்பாவில் ஆயில் குபுக்கென்று எழும்பும். முகத்தை அருகில் கொண்டுபோகாதே, கண்ணில் பட்டால் எரியும், பெயிண்டில் பட்டால் பெயிண்டையே உரித்துவிடும். சுற்றிலும் ஈரத்துணி போட்டுக்கொள், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடு.

இரண்டாவதுதான் முக்கியமானது. சக்கரத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அடைத்தால் பெடல் கல்லாக வேண்டும், அப்படி ஆனால் மாஸ்டர் சிலிண்டரும் அதுவரை உள்ள பைப்பும் நல்லபடியாக இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வா. எதைத் திறக்கும்போது பஞ்சாகிறதோ அங்கேதான் காற்று உட்கார்ந்திருக்கிறது.

உச்சிப்புளி பட்டறை | திங்கள், மதியம் 1.00

காக்கா சொல்வது சரியான வழி. ஆனால் வெறும் வைஸ் கிரிப்பால் ஹோஸைக் கடிக்க வேண்டாம் தம்பி. நம் பக்கத்து வெயிலிலும் உப்பிலும் ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும், கூரான பல் பட்டால் உள்ளே கிழிந்து பிறகு சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். உருண்டையான வாய் உள்ள கிளாம்ப் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் வந்து வாங்கிக்கொண்டு போ. வண்டி நின்ற இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

தங்கச்சிமடம் டீசல் | திங்கள், இரவு 8.40

கிளாம்ப் வாங்கி வந்து சித்தப்பா மகனைப் பெடலில் உட்காரவைத்துச் செய்தேன். மூடியைத் திறந்து செய்த சோதனையில் ஆயில் நன்றாகவே எழும்பியது. நாலு ஹோஸையும் அடைத்தால் பெடல் மேலேயே கல்லாக நிற்கிறது. பின் இரண்டையும் திறந்தேன், ஒரு அங்குலம் கீழே இறங்கியது, ஆனாலும் அங்கே கெட்டியாகவே நின்றது. முன் வலதைத் திறந்தேன், பஞ்சு. மறுபடி அடைத்துவிட்டு முன் இடதைத் திறந்தேன், அதுவும் பஞ்சு. இரண்டு புது காலிப்பரிலும் ஒரே மாதிரி காற்று எப்படித் தங்கும்? நிப்பிளைத் திறந்தால் சுத்தமான ஆயில்தான் வருகிறது, அதுதான் எனக்குப் புரியவில்லை.

மண்டபம் கருவாட்டு வேன் | திங்கள், இரவு 9.05

தம்பி, ஒரே ஒரு கேள்வி. டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்: காலிப்பரில் ஏர் நிப்பிள் மேல் பக்கம் இருக்கிறதா, கீழ்ப் பக்கமா? ஹோஸ் வந்து சேருகிற இடத்துக்கு மேலே இருக்க வேண்டும். எங்கள் வேனில் இதே கதை நடந்தது, என் தம்பியும் நானும் ஒரு லிட்டர் ஆயிலைக் கொட்டித் தீர்த்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

தங்கச்சிமடம் டீசல் | திங்கள், இரவு 9.30

அக்கா, இரண்டிலும் நிப்பிள் கீழேதான் இருக்கிறது! ஹோஸும் லேசாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இதை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

உச்சிப்புளி பட்டறை | திங்கள், இரவு 10.00

அக்கா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்கள். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள் தம்பி. பல வண்டிகளில் போல்ட் துளை இரண்டு பக்கமும் ஒத்துப்போகும், டிஸ்க்கில் உட்காரும், பேட் பிடிக்கும், எல்லாம் பொருந்தியது போலவே இருக்கும். நிப்பிள் மட்டும் தலைகீழாகப் போய்விடும். குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்கும் அல்லவா, அதேதான். காற்று காலிப்பரின் மேல் மூலையில் போய் ஒதுங்கிக்கொள்ளும், நீ கீழே இருக்கிற நிப்பிளைத் திறந்தால் ஆயில்தான் வரும். நூறு தடவை திறந்தாலும் அது சுத்தமாகத்தான் வரும். டீச்சர் கேட்ட 3 மில்லிக்கு அந்த மூலையில் தாராளமாக இடம் இருக்கிறது.

பக்கம் மாற்றாமல் சமாளிக்கவும் முடியும். காலிப்பரைப் போல்ட் எடுத்துத் தொங்கவிடாமல் கையில் பிடித்து, நிப்பிள் வானத்தைப் பார்க்கும்படி திருப்பி, பேட் நடுவில் டிஸ்க் அளவுக்குக் கட்டை வைத்து ஏர் எடுக்கலாம். உனக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஹோஸ் முறுக்கிக்கொண்டிருப்பதால் பக்கம் மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஹோஸ் எங்காவது உரசி அறுந்துபோகும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியது: ஹோஸ் போல்ட்டின் இரண்டு பக்கமும் வருகிற காப்பர் வாஷரைப் புதிதாகப் போடு, பழசு ஒரு தடவை நசுங்கியது மறுபடி அடைக்காது. ஏர் எடுக்கும்போது டப்பாவில் ஆயில் அடிக் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. போனால் மாஸ்டர் சிலிண்டரே காற்றைக் குடித்துவிடும், எல்லாம் முதலிலிருந்து. புது சீல் போட்ட பாட்டில்தான் வேண்டும், போன வருடம் திறந்து ஜன்னல் ஓரம் வைத்த பாதி பாட்டில் வேண்டாம், இந்தக் கடற்காற்றில் அது ஈரம் குடித்திருக்கும். என்ன கிரேடு என்று மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே ஊற்று. இன்ஜின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஒரு சொட்டு கலந்தால்கூட ரப்பர் எல்லாம் ஊதிவிடும்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கிற சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். நம் வண்டிகளில் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில வண்டிகளுக்குக் குறுக்காகப் போகச் சொல்வார்கள், கையேட்டில் அப்படி இருந்தால் அதன்படி செய். பெடலில் உட்காருகிறவர் மெதுவாக மிதிக்கட்டும், வேகமாகக் குத்தினால் பெரிய குமிழி உடைந்து நுரையாகிவிடும். மிதித்துப் பிடி, நிப்பிளைக் கால் சுற்றுத் திற, பெடல் இறங்கும், நிப்பிளை மூடு, அதற்குப் பிறகுதான் காலை எடு. மூடுவதற்கு முன்னால் காலை எடுத்தால் நிப்பிள் வழியாகவே காற்று உள்ளே போய்விடும்.

இன்னொன்று, பெடலுக்குக் கீழே இரண்டு அங்குலக் கட்டை ஒன்று வை. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும், ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை விட்டால் ரப்பர் அங்கே போய் உரசிக் கிழியும். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

தேவிபட்டினம் புதுவண்டி | செவ்வாய், காலை 7.20

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் கார் 2020 மாடல், ஏபிஎஸ் உண்டு. அதற்கும் இதே முறைதானா?

கீழக்கரை காக்கா | செவ்வாய், காலை 9.50

2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதே தம்பி, அதனால் நல்ல கேள்விதான். பேட் மாற்றுவது, காலிப்பர் மாற்றுவது என்றால் இதே முறை போதும். டப்பா காலியாகி ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால்தான் சிக்கல். உள்ளே உள்ள வால்வுகள் மூடிக் கிடக்கும், சாதாரண மிதியில் அவை திறக்காது. ஸ்கேனர் மாட்டி அந்தப் பெட்டிக்குள் இருக்கிற பம்ப்பை ஓடவிட்டு ஏர் எடுக்க வேண்டும். சிலர் மணல் ரோட்டில் வேகம் பிடித்துப் பிரேக் அடித்து ஏபிஎஸ்ஸை வேலை செய்யவைத்துவிட்டு மறுபடி ஏர் எடுப்பார்கள், பெடல் பஞ்சாக இருக்கிற வண்டியில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது.

தங்கச்சிமடம் டீசல் | செவ்வாய், இரவு 9.15

முடிந்தது! உச்சிப்புளி அண்ணன் பட்டறைக்கே கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டோம். காலிப்பர் இரண்டையும் பக்கம் மாற்றி, புது வாஷர் போட்டு, டியூபை ஆயில் ஊற்றிய கண்ணாடி பாட்டிலில் முக்கி ஏர் எடுத்தோம். முன் இடதில் முதல் திறப்பிலேயே சோடா பாட்டில் திறந்தது போலக் குமிழி வந்தது, வலதில் அதைவிட அதிகம். பெடலில் இருந்த துள்ளல் அந்த இரண்டோடு போனது.

ஆனாலும் அந்த ஒரு அங்குலம் மிச்சம் இருந்தது. பின் டிரம்மைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது, உள்ளே அட்ஜஸ்டர் பல்சக்கரம் உப்பில் ஒரே கட்டியாகிக் கிடந்தது, லைனிங் தேயத் தேய அது தானாக விரியவே இல்லை. சுத்தம் செய்து, டிரம் மெல்ல உரசும் வரை விரித்து ஒரு பல் பின்னால் விட்டோம். இப்போது முதல் மிதியே மேலே நிற்கிறது. பட்டறைக்குப் பின்னால் உள்ள பொட்டலில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் பிடித்துப் பார்த்தோம், நேராக நிற்கிறது, இழுப்பும் இல்லை.

பின் நிப்பிள் இரண்டும் இறுகித்தான் இருந்தன. அண்ணன் காலையிலேயே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவைத்து, சுத்தியலால் லேசாகத் தட்டி, ஆறு பட்டை சாக்கெட் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துவிட்டுப் பிறகு திருப்பினார், இரண்டும் உடையாமல் வந்தன. நாலு நிப்பிளிலும் ரப்பர் மூடியைக் காணோம், மூடி இல்லாத ஓட்டையில் உப்புத்தண்ணீர் நின்றுதான் இந்த வேலை எல்லாம் என்றார். அரிச்சல்முனைக்கு மாதம் நாலு முறையாவது போகிற வண்டி இது, காற்று அடிக்கிற நாளில் அலை ரோட்டிலேயே தெறிக்கும். இப்போது உள்ளே கொஞ்சம் கிரீஸ் வைத்து மூடி போட்டாகிவிட்டது.

ஒரு கவலை மட்டும் பாக்கி. பின்பக்கம் போகிற இரும்புப் பைப் கிளிப்புக்குள் நுழைகிற இடத்தில் செதில் செதிலாகத் துரு. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. ஒழுகவில்லை. மண்டபம் அக்கா, உங்கள் கேள்வி இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குப் பணம் கொடுத்திருப்பேன். அப்பாவிடமும் சொன்னேன், உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

மண்டபம் கருவாட்டு வேன் | செவ்வாய், இரவு 9.40

அப்பாவுக்கு வணக்கம் சொல்லு தம்பி. அந்தப் பைப்போடு மதுரைக்குப் போகாதே. எங்கள் வேனில் வெடித்தது கிளிப்புக்குள்தான், வெளியே பார்த்தால் நன்றாகவே இருந்தது.

உச்சிப்புளி பட்டறை | செவ்வாய், இரவு 9.55

அக்கா சொல்வதுதான் என் கருத்தும். பைப் நாளைக்கு மதியம் ராமநாதபுரத்திலிருந்து வந்துவிடும் என்றார்கள். வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம், முழு நீளமாகவே மாற்றிவிடலாம். பின்பக்கம் மறுபடி ஏர் எடுக்க வேண்டியிருக்கும், சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு மூன்று மணிக்கு வா. பைப் வரவில்லை என்றால் வியாழக்கிழமை அப்பாவை ரயிலில் கூட்டிப்போ, வண்டி இங்கேயே நிற்கட்டும்.

தங்கச்சிமடம் டீசல் | செவ்வாய், இரவு 10.05

சரி அண்ணே. ரயிலுக்கு டிக்கெட்டும் பார்த்து வைத்துவிட்டேன்.